இரவல் அசைவுகள்

நரம்பு அறுந்தாலும் தசை தளர்ந்தாலும் உடல் உடனே விட்டுக்கொடுப்பதில்லை. பக்கத்திலிருக்கும் நல்ல தசையிடம் வேலையை ஒப்படைக்கும், உடம்பைச் சாய்த்து எடையை இடம் மாற்றும், புருவத்தை உயர்த்தும், மற்றக் கையைத் துணைக்கு அழைக்கும். பல நேரங்களில் இதெல்லாம் நோயாளிக்கே தெரியாமல் நடந்துகொண்டிருக்கும். நரம்பியலில் பெயர் சொல்லி மனப்பாடம் செய்யும் அறிகுறிகளில் பலவும் இப்படி இரவல் வாங்கிய அசைவுகள்தான். என்னோடு வார்டுக்கு வரும் மாணவர்களிடம் நான் ஓயாமல் வற்புறுத்துவதும் இதையே: எது அசையவில்லை என்று தேடுவதற்கு முன், அதன் வேலையை இப்போது யார் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு செய்தித்தாள் போதும், இதைக் கண்ணால் காண. தாளின் இரு ஓரங்களையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு, இரு கைகளாலும் வெளிப்புறமாக இழுக்கச் சொல்கிறேன். நல்ல கையில் கட்டை விரல் நேராக நின்று தாளை அழுத்தும். முழங்கையின் உட்புறம் வழியாகச் சுண்டுவிரல் பக்கம் இறங்கும் அல்நார் நரம்பு பழுதான கையில் கட்டை விரலின் நுனிக் கணு சட்டென்று மடங்கிக்கொள்ளும். கட்டை விரலை உள்ளே அணைக்கும் தசைக்கு ஆணை தருவது அல்நார் நரம்பு. அந்தத் தசை ஓய்ந்துவிட்டதால் முன்கையிலிருந்து வரும் நீண்ட மடக்குத் தசை உதவிக்கு ஓடிவருகிறது. அதற்கு ஆணை வருவது முன்கையின் நடுவில் இறங்கும் மீடியன் நரம்பின் வழியாக. தாள் நழுவாததால் நோயாளிக்குக் குறை எதுவும் தெரிவதில்லை. "பிடி நன்றாகத்தான் இருக்கிறது டாக்டர், சாவியைத் திருப்பும்போதுதான் சிரமம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. பிடி இருக்கிறது, ஆனால் அது வேறொரு நரம்பின் பிடி.

பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜூல் ஃப்ரோமான் இதை விவரித்தது 1915-இல். அதே ஆண்டில்தான் ஜூல் டினெல் நரம்பைத் தட்டிப் பார்க்கும் சோதனையை எழுதினார். போரில் எதிர்த்தரப்பில் இருந்த ஜெர்மனியின் பவுல் ஹாஃப்மானும் தனியாக அதையே கண்டறிந்திருந்தார். அடுத்த ஆண்டு கில்லன், பாரே, ஸ்ட்ரோல் ஆகிய மூவரும் இரண்டு படைவீரர்களுக்கு வந்த பரவலான தளர்ச்சியைப் பதிவு செய்தார்கள். முதல் உலகப்போரின் மருத்துவமனைகளில் ஸ்கேன் கிடையாது, நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் கருவி கிடையாது. கையும் கண்ணும் ஒரு சிறு சுத்தியலும் மட்டும் இருந்தன. காயம்பட்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தார்கள். இன்று நாம் எளிதாகச் சொல்லும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அவர்களின் கைகளும் கால்களும் இருக்கின்றன. இந்த அறிகுறிகளை அக்கறையில்லாமல் சோதிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அல்நார் நரம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பழுதானால் மோதிர விரலும் சுண்டுவிரலும் அடிமூட்டில் பின்னோக்கி வளைந்து, நடுக்கணுவில் மடங்கி, நகம்போல் ஆகும். பழுது மேலே இருந்தால் கோணல் அதிகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். மணிக்கட்டில் நரம்பு வெட்டுப்பட்டால் கோணல் கடுமையாக இருக்கும், முழங்கையில் அடிபட்டால் குறைவாகத் தெரியும். விரல் நுனிகளை மடக்கும் நீண்ட தசையின் அந்தப் பகுதிக்கும் முழங்கைக்குக் கீழேதான் அல்நாரிலிருந்து கிளை போகிறது. முழங்கையில் காயம் என்றால் மடக்குகிற அந்தத் தசையும் ஓய்ந்துவிடும். இழுக்க ஆளில்லாததால் விரல் அவ்வளவாக மடங்காது. ஆகவே முழங்கைக் காயம் ஆறிவரும்போது கோணல் சில காலம் கூடும். "கை முன்பைவிட மோசமாகிவிட்டதே" என்று நோயாளி கலங்கிப்போய் வருவார். நீண்ட தசைக்கு நரம்பு திரும்பிவிட்டது என்பதே அதன் பொருள். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்று கருதுகிறேன்.

மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்கு ஆணை தரும் ரேடியல் நரம்பின் கதை வேறு. கையைத் தலைக்கு அடியிலோ நாற்காலியின் விளிம்பிலோ அழுத்தி வைத்து அசந்து தூங்கியவர், விழிக்கும்போது மணிக்கட்டு தொங்கிக் கிடப்பதைப் பார்க்கிறார். வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பக்கவாதம். சோதிக்கும் மருத்துவரும் அவசரப்பட்டால் அதே முடிவுக்குப் போய்விடலாம், ஏனென்றால் இந்தக் கையில் எல்லாமே பலவீனமாகத் தெரியும். என் விரலை இறுக்கிப் பிடியுங்கள் என்றால் பிடி தளர்ந்திருக்கும், விரல்களை விரியுங்கள் என்றால் விரியாது. இரண்டுமே தோற்றம். மணிக்கட்டு தொங்கும்போது மடக்குத் தசைகள் இழுவிசை இழந்து கிடக்கின்றன. என் கையால் அந்த மணிக்கட்டைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்துவிட்டு, இப்போது இறுக்குங்கள் என்றால் பிடி திரும்பிவிடும். உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்தால் விரல்களும் விரியும். நோயாளியின் முகத்தில் அச்சம் குறைவதை அந்த நேரத்தில் பார்க்க முடியும்.

இதே நரம்பில் எதிர்த்திசையில் ஏமாற்றும் அசைவு ஒன்றும் உண்டு. விரலை நீட்டுங்கள் என்றால் நடுக்கணுவும் நுனிக்கணுவும் நீளும். ரேடியல் நரம்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது, அந்தக் கணுக்களை நீட்டுபவை உள்ளங்கையிலிருக்கும் சிறு தசைகள். அவை அல்நாருக்கும் மீடியனுக்கும் உரியவை. விரலின் அடிமூட்டு நிமிர்கிறதா என்பதுதான் ரேடியலுக்கான கேள்வி. பக்கவாதத்தில் கை தொங்கியிருந்தால் இன்னொரு துப்பு கிடைக்கும்: முஷ்டியை மடக்கச் சொன்னால் மணிக்கட்டு தானாகவே கொஞ்சம் மேலெழும். ரேடியல் நரம்பு பழுதான கையில் முஷ்டி மடங்கும்போது மணிக்கட்டு இன்னும் கீழே போகும்.

பாதத்துக்கும் இதே நியாயம்தான். பாதம் தொங்கிப்போனவர் நடக்கும்போது முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைப்பார், விரல் நுனி தரையில் தடுக்காமல் இருக்க. அது இடுப்புத் தசை தரும் இரவல். ஆனால் நரம்பு எங்கே பழுது? முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் எலும்பின் கழுத்தைச் சுற்றிப்போகும் பெரோனியல் நரம்பிலா, இடுப்பு முதுகெலும்பிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு வேரிலா? பாதத்தை உட்புறமாகத் திருப்பச் சொல்வதுதான் விடை. உட்புறம் திருப்பும் முக்கியத் தசைக்கு ஆணை ஐந்தாம் வேரிலிருந்து புறப்பட்டு, காலின் பின்புறம் இறங்கும் டிபியல் நரம்பு வழியே வருகிறது, பெரோனியல் வழியே வருவதில்லை. உட்புறத் திருப்பல் நன்றாக இருந்தால் முழங்கால் பக்கம் பார்க்கலாம். அதுவும் தளர்ந்திருந்தால் முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும். தொங்கும் பாதத்தைக் கையால் தாங்கி செங்கோணத்தில் நிறுத்திவிட்டுத்தான் இதைச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல தசையும் பலவீனமாகத் தோன்றும்.

இடுப்பில் ட்ரெண்டலென்பர்க் அறிகுறி எல்லோருக்கும் தெரிந்தது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃப்ரீட்ரிக் ட்ரெண்டலென்பர்க் 1895-இல் சொன்னது. ஒற்றைக் காலில் நிற்கும்போது, நிற்கும் பக்கத்து இடுப்புத் தசை தளர்ந்திருந்தால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தாழும். புத்தகப் படத்தில் தெளிவாக இருக்கும் இது, நேரில் பல சமயம் தெரிவதில்லை. நோயாளி உடம்பை நிற்கும் காலின் பக்கம் சாய்த்து இடுப்பு தாழாமல் காத்துக்கொள்கிறார். அந்தச் சாய்வே போதுமான அறிகுறி.

குழந்தைகளிடம் வரும்போது இந்த இரவல் கண்கலங்க வைக்கும். தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனை எழுந்திருக்கச் சொல்கிறேன். அவன் குப்புறத் திரும்பி, கைகால்களை ஊன்றி, பிட்டத்தை உயர்த்தி, பிறகு கைகளைக் கணுக்காலில் வைத்து, முழங்காலில் வைத்து, தொடையில் வைத்துத் தன் உடம்பின் மீதே ஏறி நிமிர்கிறான். லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879-இல் இதை எழுதினார். இடுப்பை நிமிர்த்தும் தசைகளும் முழங்காலை நீட்டும் தசைகளும் தளர்ந்துவிட்டதால் கைகள் அந்த வேலையைச் செய்கின்றன. தசைகள் படிப்படியாகச் சிதையும் மரபு நோயான டூஷேன் தசைச்சிதைவில் இது நன்றாகத் தெரியும், இடுப்பைச் சுற்றிய தசைகள் தளரும் வேறு நோய்களிலும் வரும். அந்தப் பையனின் கெண்டைக்கால் பருத்து உருண்டு இருக்கும், "இவனுக்குக் கால் நல்ல பலம்" என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். தொடக்கத்தில் இவ்வளவு தூரம்கூடப் போகாது. எழும்போது ஒரு கை மட்டும் தொடையில் ஊன்றும், அவ்வளவுதான். பல குழந்தைகளைப் பெற்றோர் 'சோம்பேறி', 'மெதுவானவன்' என்று சொல்லியே அழைத்து வருகிறார்கள். தவழ்வதும் நடப்பதும் தாமதமாகி, படியேறத் திணறும் பையனைத் தரையில் உட்காரவைத்து எழுப்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கை தொடைக்குப் போனால் தசை சிதைவதைக் காட்டும் சிகே (கிரியேட்டின் கைனேஸ்) ரத்தப் பரிசோதனைக்கு அன்றே எழுதிக்கொடுக்க வேண்டும். தாமதமாகக் கண்டறியப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த ஒரு நிமிடம் யாராலோ மறுக்கப்பட்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

பெரியவர்களிடம் கேள்விகளே பாதிச் சோதனை. தலை வாரும்போது கை ஓய்கிறதா, மேல் அலமாரியிலிருந்து பாத்திரம் எடுக்க முடிகிறதா, தாழ்ந்த நாற்காலியிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழ முடிகிறதா? இவை சிரமமானால் தோளையும் இடுப்பையும் சேர்ந்த தசைகளில் சந்தேகம். பொத்தான் போடச் சிரமம், செருப்பு நழுவுகிறது என்றால் நரம்பின் கடைக்கோடிகளில் சந்தேகம். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் தொடங்குவதற்கு நல்ல இடம் இது.

தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பழக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் உருவானது. 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிகிறது, அதற்குமேல் எதிர்ப்பைத் தாங்க முடியவில்லை. 5 என்றால் இயல்பு. இடையில் இருக்கும் 4-இல் அடங்காதது எதுவுமில்லை. சற்றே தளர்ந்த மல்லனும், ஒரு விரல் அழுத்தத்துக்கே விழும் மூதாட்டியும் அதே 4-க்குள் வந்துவிடுகிறார்கள். எண்ணை எழுதுங்கள், கூடவே எந்த நிலையில் வைத்துச் சோதித்தீர்கள், எதைத் தாங்கிப் பிடித்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வாரம் வேறொருவர் பார்க்கும்போது அந்த வரிதான் பயன்படும்.

உணர்ச்சியைச் சோதிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் அங்கே நோயாளியின் வாய்ச்சொல்லை நம்பியிருக்கிறோம். ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஹெட் இந்தச் சிக்கலை உணர்ந்து, 1903-இல் தன் முன்கையின் தோல் நரம்புகளை வெட்டச் செய்து, ரிவர்ஸ் என்ற நண்பரின் உதவியோடு உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். அவர் வந்தடைந்த கோட்பாடு நிலைக்கவில்லை, அவருடைய பொறுமையின்மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. பேசத் தெரியாத குழந்தையிடமும் நினைவிழந்தவரிடமும் என்ன செய்வது? தோலே சொல்லும். நரம்பு அறுந்த இடத்தில் வியர்வை சுரக்காது. வழுவழுப்பான பேனாவின் உடலைத் தோலின்மீது மெல்ல இழுத்தால் நல்ல தோலில் லேசாகப் பற்றும், வறண்ட தோலில் வழுக்கிக்கொண்டு போகும். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறினால் நல்ல விரல் நுனிகள் சுருங்கும், நரம்பற்ற விரல் மொழுமொழுவென்று அப்படியே இருக்கும். அல்நார் பகுதி மரத்திருந்தால் புறங்கையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே போகும் கிளை மணிக்கட்டுக்குப் பல சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடுவதால், சுண்டுவிரல் நுனி மரத்து, புறங்கை நன்றாக இருந்தால் பழுது மணிக்கட்டுப் பக்கம். முன்கையின் உட்புறமும் சேர்ந்து மரத்திருந்தால் கழுத்திலிருந்து வரும் நரம்பு வேரை நினைக்க வேண்டும்.

டினெலின் சோதனை நோயாளிக்கு மிக நெருக்கமானது, ஏனென்றால் அது காத்திருப்பதற்கு ஒரு அளவைத் தருகிறது. நரம்பு போகும் வழியில் விரல் நுனியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில், தட்டிய இடத்தில் அல்லாமல் அந்த நரம்புக்குரிய தோல் பகுதியில், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும். வளர்ந்துவரும் நரம்பிழைகளின் முனை அங்கே இருக்கிறது. வலிப்பது வேறு, எறும்பு ஊர்வது வேறு என்று டினெலே பிரித்துச் சொன்னார். வலி நரம்பு எரிச்சலின் அடையாளம், ஊரல் வளர்ச்சியின் அடையாளம். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். மாதா மாதம் அந்தப் புள்ளியைத் தோலில் குறித்து அளந்தால், 2 முதல் 3 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கக் காணலாம். நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அதுவும் தாமதமில்லாமல். நரம்பில்லாமல் ஒன்றரை ஆண்டு கடந்த தசை பெரும்பாலும் மீள்வதில்லை.

தசைக்களைப்பு நோயில் (மயஸ்தீனியா கிராவிஸ்) எல்லாமே மாறிவிடுகிறது. இங்கே நரம்பும் நல்லது, தசையும் நல்லது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் செய்தி வாங்கப்படுவதில்தான் கோளாறு. காலையில் நன்றாக இருந்த இமை மாலையில் இறங்கும். நோயாளி உள்ளே வந்து உட்காரும்போதே பல இரவல்கள் தெரிந்துவிடும்: இமையைத் தூக்க நெற்றி முழுவதும் சுருங்கியிருக்கும், பார்வைக்காகத் தலை பின்னால் சாய்ந்திருக்கும், பேசும்போது தாடையை ஒரு கையால் தாங்கியிருப்பார். சோர்வை வரவழைத்துத்தான் இதைச் சோதிக்க முடியும். ஒரு நிமிடம் கண்ணிமைக்காமல் மேலே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல மெல்லத் தாழும். தாழ்ந்த இமையை என் விரலால் தூக்கிப் பிடித்தால், சரியாக இருந்ததாகத் தோன்றிய மற்ற இமை விழும். இரண்டு இமைகளுக்கும் மூளை சம அளவில் ஆணை அனுப்புவதால், கூடுதல் முயற்சி தேவையில்லை என்றானதும் இரண்டுக்குமே அது குறைகிறது. மூடிய இமைமீது துணி சுற்றிய பனிக்கட்டியை 2 நிமிடம் வைத்து எடுத்தால் இமை உயர்ந்திருக்கும். கண்மணி இயல்பாக இருக்கும், உணர்ச்சி இயல்பாக இருக்கும். கண்மணி விரிந்திருந்தால் இந்த நோயை விட்டுவிட்டு வேறு காரணத்தை உடனே தேட வேண்டும். 1934-இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர், தசைகளை முடக்கும் க்யூராரே நஞ்சின் விளைவைப்போல் இந்த நோய் இருப்பதைக் கவனித்து, அந்த நஞ்சை முறிக்கும் ஃபைசோஸ்டிக்மினை ஊசியில் செலுத்தினார். நோயாளியின் இமை உயர்ந்தது. உற்றுப் பார்ப்பதே ஒரு சிகிச்சைக்கு வழி திறந்த நிகழ்வு அது.

மாலையில் மட்டும் வரும் தளர்ச்சியைக் காலை நேரத்து வெளிநோயாளர் பிரிவில் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. "மனப்பிரமை என்கிறார்கள் டாக்டர்" என்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் ஹூவர் அறிகுறியையும் சொல்லிவிடுகிறேன். படுத்திருப்பவரிடம் தளர்ந்த காலைப் படுக்கையில் அழுத்தச் சொன்னால் முடியாது. நல்ல காலை எதிர்ப்புக்கு எதிராகத் தூக்கச் சொன்னால், தளர்ந்த காலின் குதிகால் தானாகவே பலமாக அழுத்தும். நரம்புப் பாதை முழுமையாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதில் தடை இருக்கிறது என்று அது காட்டுகிறது. நடிப்பு என்று அது சொல்லவில்லை. அந்த அழுத்தத்தை நோயாளிக்கே காட்டி, "பாருங்கள் அம்மா, உங்கள் காலுக்குப் பலம் இருக்கிறது, திரும்பக் கொண்டுவர முடியும்" என்று சொல்வதற்குத்தான் இந்தச் சோதனை.

இரவல் தீர்ந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. மூச்சு. முன்பு சொன்ன மூவர் பதிவு செய்த பரவலான தளர்ச்சியான கில்லன்-பாரே நோயிலும் தசைக்களைப்பு நோயிலும் உதரவிதானம் தளரும்போது கழுத்துத் தசைகளும் விலாத் தசைகளும் உயிரைக் கொடுத்து வேலை செய்கின்றன. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எண் கடைசியில்தான் விழும், விழுந்தபின் அவகாசம் இருக்காது. ஆகவே படுக்கையருகே போனதும் நான் கருவியைப் பார்ப்பதில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்கிறேன். கழுத்தை முன்னால் மடக்கும் தசைகள் தளர்ந்தால் உதரவிதானமும் பெரும்பாலும் தளர்ந்துகொண்டிருக்கும். இருமச் சொல்கிறேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன். வாக்கியங்கள் துண்டு துண்டாகின்றனவா என்று கேட்கிறேன். பிறகு ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்கிறேன். நல்ல உடல்நிலையில் இருப்பவர் 50 வரை போவார்.

20-ஐத் தொட முடியாதவரை, ஆக்சிஜன் அளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பொது வார்டில் வைத்திருக்கக் கூடாது. காலையில் 40 எண்ணியவர் மாலையில் 28 எண்ணினால் அதுவும் அழைப்பு விடுக்க வேண்டிய நேரம்தான். எண்ணையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதி, இரவுப் பணிக்கு வரும் செவிலியரிடம் வாயாலும் சொல்லி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுவிட்டுத்தான் அடுத்த நோயாளியிடம் போக வேண்டும்.